எர்த்தை வெட்டச் சொன்னார்கள், ராடை மாற்றினேன்

பாம்பனில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றிய அன்று காலையில்தான் எங்கள் ஓவன் முதல் தடவையாக டிரிப்பர் சுவிட்சைக் கீழே தள்ளியது. போன டிசம்பர், முதல் வாரம். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற நாபை 150 டிகிரிக்குத் திருப்பினேன்; மெயின் போர்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம், வீடே இருட்டு. தூக்கிவிட்டேன். மறுபடி விழுந்தது. ஓவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூக்கினால் நின்றது.

கிறிஸ்துமஸுக்கு 18 கிலோ பிளம் கேக் ஆர்டர் வாங்கி வைத்திருந்தேன். அக்டோபரிலேயே ஊறப்போட்ட பழம் இரண்டு பெரிய பாட்டில் நிறைய அலமாரியில் இருக்கிறது. காற்று மழை என்று வீட்டுக்காரர் கடலுக்குப் போகாத மாதங்களில் இந்தக் கேக் காசுதான் எங்கள் வீட்டில் நடமாடும். அதனால் ஓவன் நின்றது எனக்குச் சின்ன விஷயமாக இல்லை.

எங்கள் ஊர் தங்கச்சிமடம். வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. வாடைக்காற்று வீசும் மாதங்களில் காலையில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். இரும்புக்கு இங்கே ஆயுள் குறைவு என்பது ஊருக்கே தெரியும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்க்க ஆய்வுக்கூடம் வைத்திருப்பது இதோ பக்கத்தில், மண்டபத்தில்தான். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனதை இங்கே பார்க்காதவர்கள் கிடையாது. பாலத்தைத் தின்கிற காற்று ஓவனுக்குள் இருக்கும் கட்டைவிரல் நீள வயரை விட்டுவைக்குமா என்று நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

ஓவன் 40 லிட்டர் ஓ.டி.ஜி., அதாவது ராடு சூடாகி வேகவைக்கிற ஓவன்; 1600 வாட்ஸ். மேலே இரண்டு ராடு, கீழே இரண்டு ராடு, சூட்டை வைத்த அளவில் நிறுத்துகிற ஒரு தெர்மோஸ்டாட், ஒரு டைமர், மேலா கீழா என்று மாற்றும் ஒரு சுவிட்ச். அவ்வளவுதான் உள்ளே. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. கம்பெனி சர்வீஸுக்குப் போன் போட்டால் மதுரைக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரத்தில் கிறிஸ்துமஸே முடிந்துவிடும்.

உள்ளூரில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். வந்தார், பின்பக்கத் தகட்டைக் கழற்றினார், பிளக்கிலிருந்து வரும் பச்சை வயரை ஒரே வெட்டாக வெட்டி டேப் சுற்றினார். “எர்த் இருந்தாத்தானம்மா விழும். இப்பப் போட்டுப் பாருங்க” என்றார். போட்டேன். விழவில்லை. ராடு சிவந்தது. 200 ரூபாய் கொடுத்து அனுப்பினேன். கேக் மாவைக் கலக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

அரை மணி கழித்துக் கதவைத் திறக்கும்போது வளையல் ஓவன் ஓரத்தில் பட்டது. சுர்ரென்று முழங்கை வரைக்கும் ஏறியது. வெறுங்காலோடு, சற்று முன்புதான் துடைத்த ஈரத்தரையில் நின்றிருந்தேன். கையை உதறியபடி பின்வாங்கியது மட்டும் நினைவிருக்கிறது. என் மகளுக்கு ஒன்பது வயது. கேக் வேகும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து பார்ப்பாள். அன்று பள்ளிக்கூடம் இருந்ததால் வீட்டில் இல்லை.

பெரியப்பா மகன் அண்ணன் ஒருவர் ஐஸ் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள், “மொதல்ல பிளக்கப் புடுங்கு. புடுங்கிட்டுப் பேசு” என்றார். அப்புறம் அவர் சொன்னதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

டிரிப்பர், அதாவது ஆர்.சி.சி.பி., செய்கிற வேலை ஒன்றுதான். பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டில் பொதுவாக மாட்டுவது 30 மில்லி ஆம்பியர். அந்த அளவை நெருங்கி எங்காவது கசிந்தாலே கீழே விழும். ஓவன் தகட்டில் கசிகிற கரண்ட் எர்த் வயர் வழியாகப் போனது; டிரிப்பர் அதைப் பிடித்தது. எர்த்தை வெட்டியதும் கசிவு நிற்கவில்லை. போக வழி இல்லாமல் தகட்டில் காத்துக்கொண்டிருந்தது. என் வளையல் பட்டதும் நானே எர்த் ஆகிவிட்டேன். அன்று என் உடம்பு வழியாகப் போன அளவு டிரிப்பர் விழப் போதவில்லை, அதனால் அது சும்மா இருந்தது. தரை இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

அடிக்கடி டிரிப் ஆகிற ஓவனுக்கோ கிரைண்டருக்கோ ஹீட்டருக்கோ யாராவது எர்த்தை எடுத்துவிடச் சொன்னால், அந்த ஆளை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுவதும் இதே காரியம்தான். எங்கள் தெருவில் நாலு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் மல்டிமீட்டரையும், கரண்ட் கசிவைச் சோதிக்கக் கம்பெனியில் கேட்டு வாங்கிய மெக்கர் என்ற மீட்டரையும் எடுத்துக்கொண்டு வந்தார். “நீயே கழட்டு, நான் சொல்றேன். அடுத்த தடவ நான் இல்லன்னாலும் ஒனக்குத் தெரியணும்ல” என்றார்.

பிளக்கைப் பிடுங்கி, அது என் கண்ணில் படுகிற மாதிரி ஓவன் மேலேயே வைத்தோம். ஓவனை ஆறவிட்டோம். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் வலை இழுக்கும்போது போடுகிற கையுறையை மாட்டிக்கொண்டேன். துருவேறின ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு சொட்டுத் துரு எடுக்கும் எண்ணெய் விட்டுப் பத்து நிமிஷம் பொறுத்தால் தலை வழுக்காமல் வரும். அவசரப்பட்டுத் திருகி முதல் ஸ்க்ரூவின் தலையை மொட்டையாக்கிவிட்டேன், அதை எடுக்க அரை மணி ஆனது. வலது பக்கத் தகட்டைக் கழற்றியதும் எந்த வயரையும் தொடுவதற்கு முன் போனில் நாலு போட்டோ எடுத்தேன். இது மிக முக்கியம். எல்லா வயரும் வெள்ளைதான். எது எங்கே போனது என்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. பிறகு ஒவ்வொன்றிலும் துணி டேப்பை ஒட்டிப் பேனாவில் எண் போட்டேன்.

உள்ளே பார்த்த காட்சியைச் சொல்ல வேண்டும். ராடின் முனையில் வயர் வந்து சேருகிற லக்கு, புதிதாக இருக்கும்போது வெள்ளி மாதிரி பளபளப்பாக இருந்திருக்கும். இப்போது அதன்மேல் பச்சையும் வெள்ளையுமாக, பழைய சட்டியில் உப்புப் பூத்தது போலப் பொருக்கு. விரலால் தட்டினால் உதிர்ந்தது. லக்கை இழுத்தேன், வயரோடு கையில் வந்துவிட்டது. வயரின் உறையைக் கொஞ்சம் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்திருந்தது. அண்ணன் இன்னும் சீவச் சொன்னார். ஒரு இஞ்ச், கறுப்பு. இரண்டு இஞ்ச், கறுப்பு. மூன்றாவது இஞ்சில்தான் செம்பு செம்பாகத் தெரிந்தது. இழைகளுக்கு நடுவில் உப்பு ஈரம் அவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது. கறுத்த செம்பில் லக்கு போட்டால் பிடிப்பு இருக்காது, சூடாகும், மறுபடி எரியும். பளபளப்பு வரும்வரை வெட்டித் தள்ள வேண்டும். நீளம் போதாவிட்டால் வயரையே மாற்ற வேண்டும்.

அந்த வயருக்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சிய துண்டைப் போடக்கூடாது. சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது. ஓவனின் பக்கவாட்டில் அதைவிடச் சூடு இருக்கும். சிலிகான் உறை போட்ட வயர் 180 டிகிரி வரை தாங்கும், அந்த வயரின்மேல் ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் ஒன்றும் மாட்ட வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவும் கூடாது. சாதாரண ஈயப்பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும். லக்கைக் கிரிம்பிங் டூலால் நசுக்கித்தான் பிடிக்க வைக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கியது இழுத்தால் வந்துவிடுகிறது. நான் இரண்டைப் பாழாக்கிப் பார்த்துவிட்டேன். நசுக்கிய பிறகு நன்றாக இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. இன்சுலேஷன் டேப்பை உள்ளே எங்கேயும் சுற்றாதீர்கள், உருகி ஒழுகும்.

இனி ராடு. இதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பிறகு ஒருநாள் செத்த ராடு ஒன்றை ஹேக்ஸாவால் அறுத்துக் காட்டினார் அண்ணன். வெளியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். நடுவில் சுருள் சுருளாக நைக்ரோம் கம்பி, பேனா ஸ்பிரிங்கைவிட மெலிசு. குழாய்க்கும் கம்பிக்கும் நடுவே கெட்டியாக இடித்து நிரப்பிய வெள்ளைப் பொடி. தட்டியதும் கோலமாவு போலக் கொட்டியது. அது மெக்னீசியம் ஆக்சைடு. சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. அதனால்தான் அதை நிரப்புகிறார்கள். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறினால் கரண்ட் குழாய்க்குக் கசியும். ராடின் இரண்டு முனையிலும் உள்ள சின்னப் பீங்கான் மூடியும் அதற்கடியில் இருக்கும் அடைப்பும் நல்லபடி இருக்கும்வரை ஈரம் மெதுவாகத்தான் ஏறும். விரிசல் விட்டால் வேகமாக ஏறும்.

ஓவன் அக்டோபர், நவம்பரில் ஐந்து வாரம் சும்மா கிடந்தது. மழைக்காலம். நான் வேறு பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி, கடல் பக்க ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தேன். உள்ளே புழுங்கிப் புழுங்கி ராடு முழுக்க ஈரம் குடித்திருக்கிறது.

சோதிக்கிற விதம் எளிது. ஒவ்வொரு ராடின் இரண்டு முனை வயரையும் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் அளந்தால் மற்ற ராடுகளும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். முதலில் முனைக்கு முனை அளக்க வேண்டும்: கம்பி அறுந்திருக்கிறதா என்று அதில் தெரியும். எங்கள் நாலு ராடும் 33 ஓம் பக்கத்தில் காட்டின, ஒன்றும் அறுபடவில்லை. அடுத்து, முனைக்கும் குழாய்க்கும் நடுவே. இங்கே மீட்டர் எதுவுமே காட்டக்கூடாது. இரண்டு ராடு அப்படித்தான் இருந்தன. கீழ் ராடு ஒன்று 8 கிலோ ஓம் காட்டியது. 230-ஐ 8,000-ஆல் வகுத்தால் 29 மில்லி ஆம்பியர் வருகிறது. டிரிப்பர் ஏன் விழுந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது. மேல் ராடு ஒன்றில் மல்டிமீட்டர் சரி என்றது, 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கிற மெக்கர் வெறும் 0.3 மெக் ஓம் என்றது. குறைந்தது ஒரு மெக் ஓமாவது இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் ஒன்பது வோல்ட் பேட்டரிதான் இருக்கிறது, அதனால் லேசான ஈரத்தை அது பிடிக்காது. மெக்கர் வீட்டில் வாங்கி வைக்கிற சாமான் இல்லை; மோட்டார் காயில் கட்டுகிற கடைகளில் இருக்கும், ராடைக் கொண்டுபோனால் ஒரு நிமிஷ வேலை.

ஈரம் குடித்த ராடைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. உலர்த்தினால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். எங்கள் மதினி வீட்டில் ஒரு சின்ன ஓவன் இருக்கிறது. இரண்டு ராடையும் துடைத்து, அதில் கம்பித் தட்டின்மேல் குறுக்காக வைத்து 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் விட்டோம். ஆறினதும் மெக்கர் வைத்தார் அண்ணன். மேல் ராடு 20 மெக் ஓமைத் தாண்டிவிட்டது. கீழ் ராடு அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதைச் சுற்றித் துரு வளையம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது உப்புக்கு முன்னால் எடுபடாது. பெரிதாக அரிக்காமல் இப்படிப் புள்ளி புள்ளியாகக் குத்தும். குத்தின ராடுக்கு வைத்தியம் இல்லை. மாற்றியே ஆக வேண்டும்.

ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பழைய ராடைக் கையில் கொண்டுபோனேன். கடையில் நீளம் பார்த்தார்கள், முனையில் உள்ள லக்கின் அகலம் பார்த்தார்கள், “400 வாட்ஸ்தானே” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். 180 ரூபாய். எல்லாம் பொருந்தியது. வீட்டுக்கு வந்து மாட்டினேன், டிரிப்பர் நின்றது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சோதனைக்கு அரைக் கிலோ கேக் ஒன்று வைத்தேன். ஒன்றேகால் மணி நேரம். மேலே கறுத்துவிட்டது, கத்தி குத்தினால் அடியில் களி.

கதவுக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால் புது ராடு மங்கலாகச் சூடேறியிருந்தது, அதற்குப் பக்கத்திலிருந்த பழைய ராடு செத்ததுபோல் கிடந்தது. பழையதும் போய்விட்டது என்றே நினைத்தேன். அண்ணன் போனில் கேட்ட ஒரே கேள்வி: “புது ராடு எத்தன ஓம்?” அளந்தேன். 132.

கணக்கு இதுதான். எங்கள் ஓவனில் கீழ் ராடு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, சீரியஸில் இணைந்திருக்கின்றன. 230 வோல்ட்டை இரண்டும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு ராடும் 115 வோல்ட்டுக்குச் செய்தது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்ஸால் வகுத்தால் ஓம் கிடைக்கும். 115 வோல்ட், 400 வாட்ஸ் என்றால் 33 ஓம். கடையில் கொடுத்தது 230 வோல்ட்டுக்குச் செய்த 400 வாட்ஸ், அது 132 ஓம். இரண்டையும் சேர்த்தால் 165. 52,900-ஐ 165-ஆல் வகுத்தால் 320 வாட்ஸ். 800 வாட்ஸ் எரிய வேண்டிய இடத்தில் 320! அதிலும் புது ராடே 256-ஐ எடுத்துக்கொண்டது, பழையதற்குக் கிடைத்தது 64. கேக் எப்படி வேகும்?

ராடு வாங்கப் போகிறவர்கள் நீளத்தையும் வாட்ஸையும் மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கிற நல்ல ராடை அளந்து, அந்த ஓமை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். சின்ன மல்டிமீட்டர் 300 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதையும் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து வாங்குங்கள், எந்தக் கடைக்காரரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். ராடின் மேல் வோல்ட் எழுத்து அச்சடித்திருக்கும், சூட்டில் அழிந்துபோயிருக்கும், ஓம் அழியாது. கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார். கீழே இரண்டையும் புதிதாகவே போட்டுவிடலாம் என்று ஜோடியாக வாங்கினேன். இரண்டும் ஒரே வயதாக இருந்தால் சூடும் ஒரே மாதிரி வரும். மாட்டினதும் ஜோடியாக அளந்தேன், 66 ஓம். நிம்மதியாக இருந்தது.

புது ராடு முதல் தடவை எரியும்போது புகையும், ஒரு நாற்றமும் வரும். பயப்பட வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து இருபது நிமிஷம் வெறும் ஓவனை ஓட்டினால் போய்விடும். அதில் கேக் வைக்காதீர்கள்.

எர்த்தை முதல் புது ராடு மாட்டுவதற்கு முன்பே சரிசெய்திருந்தோம். வெட்டிய பச்சை வயருக்கு வட்ட லக்கு போட்டு, தகட்டில் அது உட்காருகிற இடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்கி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கினேன். பெயிண்டின் மேல் இறுக்கினால் எர்த் கொடுத்த மாதிரிதான் தெரியும், கொடுத்திருக்காது. பிறகு பிளக்கின் பெரிய பின்னில் மீட்டரின் ஒரு முனை, ஓவன் தகட்டில் ஒரு ஸ்க்ரூவின் தலையில் மறுமுனை. ஒரு ஓமுக்கும் கீழே காட்டியது. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் பிளக்கைச் சொருகினேன். சொருகியதும் 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான். 1600 வாட்ஸ் என்றால் 7 ஆம்பியர், சின்ன சாக்கெட்டுக்கு அது மீறின சுமை.

ஒரு வேலையில் கை வைத்தால் அடுத்தது தெரிகிறது. ராடு சரியானதும் கேக் ஓரம் கருகத் தொடங்கியது. நாபில் 170 என்று வைத்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது? தெர்மாமீட்டர் இல்லாதபோது பார்க்க ஒரு வழி உண்டு. சர்க்கரை 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளில் சின்னக் கிண்ணம் செய்து ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டு, ஓவன் நன்றாகச் சூடேறின பிறகு நடுத்தட்டில் 15 நிமிஷம் வைக்க வேண்டும். 175-இல் அது பரல் பரலாகவே இருக்க வேண்டும், 190-இல் உருகிவிட வேண்டும். என் ஓவனில் 170-இலேயே தேன் மாதிரி ஓடிவிட்டது. 15 நிமிஷத்துக்கு மேல் வைக்காதீர்கள். நேரம் போனால் குறைந்த சூட்டிலும் சர்க்கரை இளகிவிடும். பிறகு ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தேன். 175-க்கும் 205-க்கும் நடுவே ஏறி இறங்கியது.

தெர்மோஸ்டாட்டைத் திறந்து உள்ளே இருக்கிற தொடுமுனையை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம் என்று சொல்லுவார்கள். செய்யாதீர்கள். அதன்மேல் இருக்கிற வெள்ளிப் பூச்சு போய்விடும், கொஞ்ச நாளில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ஓவன் அணையவே அணையாது. புதிது வாங்குவதுதான் சரி. 250 வோல்ட், 16 ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும்; நாப் சொருகுகிற தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அந்த நீளமும் வடிவமும் பழையதோடு ஒத்துவர வேண்டும். இரண்டு ஸ்க்ரூ, இரண்டு வயர். சூட்டை உணர்கிற தகடு உள்சுவரைப் பார்த்து, பழையது இருந்த அதே இடைவெளியில் உட்கார வேண்டும். இது ராடைவிட எளிது, கால் மணி நேரத்தில் முடிந்தது. இப்போது 170 என்றால் 160-க்கும் 180-க்கும் நடுவில் நிற்கிறது. இந்த மாதிரி ஓவனில் அவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும்.

ஒன்று விட்டுப்போயிற்று. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கேக் வைத்தால் வேக நேரமாகும், ஓவனில் குறை என்று நினைத்துக்கொள்வோம். மீட்டர் வைத்துப் பார்த்தால் சாக்கெட்டில் 200 வோல்ட்தான் இருந்தது. 30 வோல்ட் குறைந்தால் சூடு நாலில் ஒரு பங்கு குறைகிறது; 1600 வாட்ஸ் ஓவன் 1200 வாட்ஸாகிவிடுகிறது. ஆர்டர் கேக்கை நான் இப்போது காலை பத்து மணிக்குள் முடித்துவிடுகிறேன்.

சில ஓவன்களில் ராடுக்குப் போகிற வழியில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு தெர்மல் ஃபியூஸ் இருக்கும். அளவுக்கு மீறிச் சூடானால் ஒரே தடவை அறுந்து வேலையை முடித்துக்கொள்ளும். அது அறுந்திருந்தால் வயரால் சேர்த்துவிடாதீர்கள். ஏன் அறுந்தது என்று பார்த்துவிட்டு, அதே டிகிரி போட்ட புதியதைப் போடுங்கள். மைக்ரோவேவ் ஓவனை மட்டும் யாரும் வீட்டில் திறக்காதீர்கள். அதில் உள்ள கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். நான் சொன்னதெல்லாம் ராடு வைத்த ஓ.டி.ஜி.க்கு மட்டும்.

கேக் ஆர்டர் 23-ஆம் தேதி முடிந்தது. கடைசி இரண்டு கிலோவை மதினி வீட்டு ஓவனிலும் சேர்த்து வைத்துத்தான் முடித்தேன்.

இப்போது ஓவன் ஜன்னல் பக்கத்தில் இல்லை, உள்ளறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டேன். ஆர்டர் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு தடவை 150-இல் இருபது நிமிஷம் வெறுமனே ஓட்டுகிறேன். வாடைக்காற்று மாதங்களில் இரண்டு தடவை. அரை யூனிட்டுக்கும் குறைவான கரண்ட்தான் ஆகும். ராடின்மேல் வழிந்த வெண்ணெயை எலுமிச்சை, உப்பு, சோடா போட்டுத் தேய்க்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, உடனே சூடாக்கிக் காயவைப்பதோடு சரி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பக்கத் தகட்டைக் கழற்றி லக்குகளைப் பார்க்கிறேன். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் ஒரு ஜோடி ராடு, பத்து லக்கு, ஒரு முழம் ஸ்லீவ், கொஞ்சம் அரிசியோடு முடிந்த துணிப்பொட்டலம் ஒன்று.

நேற்று மதினி வந்தார். “ஏ, எங்க ஓவனும் விழுகுது, என்னன்னு பாரு” என்றார். அளந்தேன், கீழ் ராடு 9 கிலோ ஓம் காட்டியது. குழாயை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன், எங்கேயும் புள்ளி இல்லை. இதை எழுதும்போது அந்த ராடு என் ஓவனில் 150-இல் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து அண்ணன் மெக்கரோடு வருவார்.